புராஸ்டேட் புற்றுநோய்: இரத்த, சிறுநீர்ச் சோதனைக்குச் செல்லும் முன்

பாம்பனிலும் தொண்டியிலும் கடலுக்குப் போய் வரும், ஐம்பதைக் கடந்த ஆண்கள், இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுவதை வயதின் குணம் என்று தள்ளிவிடாமல், சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பி உண்டாக்கும் புரதத்தை அளக்கும் பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனை தங்களுக்குத் தேவையா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

இதற்கு வெறும் வயிறு தேவையில்லை. ஆனால் முந்தைய 48 மணி நேரம் உடலுறவையும் கடுமையாகச் சைக்கிள் மிதிப்பதையும் தவிர்க்க வேண்டும் என்பதால், சைக்கிளில் மீன் கொண்டுபோய் விற்பவர்கள் இரண்டு நாள் ஓய்வெடுத்துவிட்டுச் செல்வதே நல்லது. சிறுநீர்த் தொற்று இருந்தால், அது குணமாகி ஆறு வாரங்கள் கழிந்த பிறகு இரத்தம் கொடுங்கள். புராஸ்டேட் வீக்கத்துக்குத் தரும் ஃபினாஸ்டரைடு மாத்திரையைப் பல மாதங்கள் உட்கொண்டால் பி.எஸ்.ஏ. அளவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்து தெரியும். ஆகவே மாத்திரை அட்டைகளை மறக்காமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள், இதை வற்புறுத்தியே சொல்கிறேன்.

அளவு கூடியிருப்பதாலேயே புற்றுநோய் என்று அஞ்ச வேண்டாம். சுரப்பி பெருத்தாலும் வீங்கினாலும் அது கூடும். முன்பு செய்த திசுச் சோதனையில் (சுரப்பியிலிருந்து ஊசியால் சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பது) நோய் தென்படாதவருக்கு, மறுபடியும் அந்த ஊசி தேவையா என்று முடிவெடுக்க, பி.சி.ஏ.3 என்னும் மரபணுக் குறியைச் சிறுநீரில் அளக்கும் சோதனை உதவும். ஆசனவாய் வழியே மருத்துவர் விரலால் சுரப்பியை அழுத்திய பின் வெளிவரும் முதல் சிறுநீரையே அதற்குக் குடுவையில் பிடிக்க வேண்டும். கூச்சப்பட்டு அதைத் தவிர்க்காதீர்கள். நோயை உறுதிசெய்வது திசுச் சோதனைதான்.