எல்எஸ் ஸ்வாப் பண்றீங்களா, வயரிங்கையும் கம்ப்யூட்டரையும் முதல்ல பாருங்க

60, 70கள்ல வந்த கேமரோ, செவெல் மாதிரி பழைய செவர்லே வண்டியில சில்வராடோ டிரக்கோட 5.3 லிட்டர் வி8ஐ (ஜிஎம் கம்பெனியோட எல்எஸ் குடும்ப இன்ஜின்) இறக்குறது, அதாவது எல்எஸ் ஸ்வாப், அமெரிக்கால ரொம்ப சகஜம், ஸ்கிராப் யார்டுல ஈசியா கிடைக்கிற இன்ஜின். மவுண்ட், ஆயில் பேன் எல்லாம் ரெடிமேடா விக்கிறாங்க, அதனால இன்ஜினை உள்ள உக்கார வைக்கிறது பெரிய வேலை இல்ல. வண்டி மாசக்கணக்கா ஷெட்லயே நிக்குதுன்னா பெரும்பாலும் வயரிங்லதான் மாட்டியிருக்கும்.

இன்ஜின் வாங்கும்போதே ஹார்னஸ் (வயர்க் கட்டு), கம்ப்யூட்டர், ஆக்சிலரேட்டர் பெடல் மூணையும் அதே வண்டியிலேர்ந்து கழட்டி வாங்கிடுங்க, கனெக்டர் எதையும் வெட்ட விடாதீங்க. கம்மி விலைக்கு வெறும் இன்ஜினை வாங்கிட்டு மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்னா செலவு டபுளாகும். காரணம் என்னன்னா, கிராங்க்ல இருக்கிற பல் சக்கரம் பழைய இன்ஜின்ல 24 எக்ஸ் (ஒரு சுத்துக்கு 24 சிக்னல்), பின்னாடி வந்ததுல 58 எக்ஸ், ஒண்ணுக்கான கம்ப்யூட்டர் இன்னொண்ணைப் படிக்காது, நீங்க எவ்வளவு செல்ஃப் அடிச்சாலும் ஸ்பார்க் வராது. செல்ஃப் மோட்டாருக்குப் பின்னாடி இருக்கிற கிராங்க் சென்சாரைப் பாருங்க, கருப்பு கலர்னா 24, சாம்பல் கலர்னா 58. விக்கிறவர் வாய்ல சொல்ற வருஷத்தை நம்புறதைவிட இது மேல்.

த்ராட்டில்லயும் இதே கதைதான். 2003க்கு அப்புறம் வந்த டிரக்குல பெரும்பாலும் கேபிள் இல்ல, எலக்ட்ரானிக் த்ராட்டில்தான். அதுல பெடல், நடுவுல இருக்கிற டேக் மாட்யூல் (24 எக்ஸ்ல த்ராட்டிலை ஓட்டுற தனிப் பெட்டி), கம்ப்யூட்டர் மூணும் ஒண்ணுக்கொண்ணு ஜோடி சேரணும், கண்டபடி கலந்து மாட்டினா ஆக்சிலரேட்டரை மிதிச்சாலும் ஒண்ணும் நடக்காது. முதல் தடவை பண்றவங்களுக்கு கேபிள் த்ராட்டில் இன்ஜின்தான் நல்லதுன்னு நான் சொல்வேன்.

இப்போ கரண்ட் கொடுக்கிற விஷயம், இங்கதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. கம்ப்யூட்டருக்கு ரெண்டு 12 வோல்ட் வேணும். ஒண்ணு பேட்டரியிலேர்ந்து ஃப்யூஸ் வழியா எப்பவும் இருக்கணும், இன்னொண்ணு சாவி போட்டா வரணும். அந்த ரெண்டாவது, சாவி ஆன்ல இருக்கும்போது மட்டும் இல்ல, செல்ஃப் அடிக்கும்போதும் வரணும். பழைய இக்னிஷன் சுவிட்ச்சுல சில வயர் ஸ்டார்ட் பொசிஷன்ல செத்துடும், அப்போ இன்ஜின் சுத்திட்டே இருக்கும், சாவியை விடுற அந்த நொடியில மட்டும் லேசா பத்தப் பாக்கும். செக் பண்றது ஈசி, செல்ஃப் வயரைக் கழட்டி வச்சுட்டு டெஸ்ட் லேம்ப்பை கம்ப்யூட்டருக்குப் போற அந்த சாவி கரண்ட் வயர்ல மாட்டி சாவியை ஸ்டார்ட் வரைக்கும் திருப்புங்க, லேம்ப் அணையாம எரியணும். இன்னொண்ணு, பாயின்ட்ஸ் இக்னிஷன் இருந்த வண்டியில காயிலுக்குப் போற பழைய வயர்லேர்ந்து கரண்ட் எடுத்துடாதீங்க, அது ரெசிஸ்டன்ஸ் வயர், முழு 12 வோல்ட் கிடைக்காது. அந்த சாவி கரண்ட்டை வச்சு ஒரு ரிலேயை (சின்ன கரண்ட்ல பெரிய கரண்ட்டை ஆன் பண்ற சுவிட்ச்) மட்டும் ஓட்டி, காயில், இன்ஜெக்டர் எல்லாத்துக்கும் பேட்டரியிலேர்ந்து ரிலே வழியா தனித்தனி ஃப்யூஸ் போட்டுக் கொடுங்க.

எர்த் விஷயத்துல கஞ்சத்தனம் வேண்டாம். இன்ஜின் ரப்பர் மவுண்ட் மேல உக்காந்திருக்கு, தானா பாடியோட எர்த் ஆகாது. பேட்டரி நெகட்டிவ்லேர்ந்து பிளாக்குக்கு ஒரு தடி கேபிள், பிளாக்லேர்ந்து சேஸிஸுக்கு ஒண்ணு, ஹார்னஸோட எர்த் வயரெல்லாம் பெயின்ட் சுரண்டின சுத்தமான இடத்துல. செல்ஃப் அடிக்கும்போது பிளாக்குக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவுல மல்டிமீட்டர் வச்சுப் பாருங்க, அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் சரியில்ல. சென்சார் சென்சாரா மாத்திப் பாத்து காசை விடுறதுக்கு முன்னாடி இதைப் பாத்துடுங்க.

ரிலேயில ஒரு குழப்பம் வரும். 24 எக்ஸ் டிரக் கம்ப்யூட்டர் ஃப்யூவல் பம்ப் ரிலேக்கு பாசிட்டிவ் அனுப்பும், ஆனா ரேடியேட்டர் ஃபேன் ரிலேக்கு எர்த்தைத்தான் கொடுக்கும், ரெண்டையும் ஒரே மாதிரி கட்டினா ஒண்ணு வேலை செய்யாது. டைனமோவோட எல் பின்னுக்கு நேரா 12 வோல்ட் கொடுக்காதீங்க, ரெகுலேட்டர் போயிடும், நடுவுல பல்போ ரெசிஸ்டரோ இருக்கணும். ஸ்பீடு சென்சார் வயர் எதுக்குன்னு விட்டுடாதீங்க, அது இல்லன்னா சிக்னல்ல வந்து நிக்கும்போது ஐடில் தடுமாறும்.

அடுத்து டியூனிங், அதாவது கம்ப்யூட்டரோட புரோகிராமை மாத்துறது. ஸ்டார்ட் ஆகி ரெண்டு செகண்ட்ல அணைஞ்சா பெட்ரோலைத் தேடாதீங்க, திருட்டுத் தடுப்பு சிஸ்டம் இன்ஜெக்டரை நிறுத்துது, அதை சாஃப்ட்வேர்லதான் எடுக்கணும். ஆட்டோ கியர்பாக்ஸ்ல இருந்த கம்ப்யூட்டரை மேனுவலோட போட்டா அதையும் டியூன்ல சொல்லணும். ரியர் ஆக்சிஜன் சென்சாரை டியூன்ல அணைச்சுடலாம்னு நிறைய பேர் சொல்வாங்க, ரோட்ல ஓடுற வண்டிக்கு அது சட்டப்படி சிக்கல். கலிஃபோர்னியால இன்ஜின் மாத்தின, ஸ்மாக் செக் (புகை சோதனை) உள்ள வண்டியை ரெஃப்ரீகிட்ட, அதாவது அதுக்குன்னு இருக்கிற அரசு சோதனை மையத்துல காட்டணும், இன்ஜினோட எமிஷன் பார்ட்ஸ் எல்லாம் இருக்கான்னு பாப்பாங்க, அதனால கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், சென்சார் எதையும் தூக்கிப் போடாதீங்க.

ஓபிடி2 போர்ட்டை ஹார்னஸ்லேர்ந்து வெட்டி எறியாம டாஷ் கீழ கண்டிப்பா மாட்டுங்க. முதல் தடவை சாவி போட்டதும் ஸ்கேனரை அதுல சொருகுங்க, கம்ப்யூட்டர் பேசுதான்னு பாருங்க, பம்ப் ரெண்டு செகண்ட் ஓடி நிக்கிற சத்தம் கேக்கணும். செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேனர்ல ஆர்பிஎம் காட்டினா கிராங்க் சென்சார் ஓகே, ஜீரோவே நின்னா மொதல்ல அந்த சென்சார் வயர் எக்ஸாஸ்ட்ல பட்டு உருகியிருக்கான்னு கீழ படுத்துப் பாருங்க.