கதவோரத்து நெல் மட்டும் ஏன் கதிர் விடவில்லை?

சம்பாப் பட்டத்து நெல் ரகம் ஒன்றை ஆளுயர வளர்ப்பறையில் வைத்திருந்தேன். விளக்கு 10 மணி நேரம், இருட்டு 14 மணி நேரம். குறும்பகல் பயிர், அதாவது பகல் குறுகி இரவு நீளும்போது பூக்கும் பயிர் என்பதால் கதிர் வந்தே ஆக வேண்டும். உள்சுவர் ஓரத் தொட்டிகளில் வந்தது. கதவோரத் தொட்டிகளில் இலைதான் செழித்தது. முதலில் தழைச்சத்து கூடிவிட்டது என்று நினைத்து உரக்கரைசலைக் குறைத்தேன். பலனில்லை.

அப்புறம் ஒரு இரவு, வெளியே ஒருவரை நிறுத்திவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஒளியை அளக்கும் லக்ஸ் மீட்டர் சுழியம் காட்டியது. கண் இருட்டுக்குப் பழக கால் மணி நேரம் காத்திருந்தபோதுதான் தெரிந்தது: கதவின் ரப்பர் பட்டை கீழ்மூலையில் பிய்ந்து, விடிய விடிய எரியும் வராந்தா ட்யூப்லைட்டின் வெளிச்சம் கசிந்துகொண்டிருந்தது.

பகலின் நீளத்தை நெல் இரவை வைத்தே அறிகிறது. இலையிலுள்ள ஃபைட்டோகுரோம் நிறமிக்கு மங்கலான ஒளிகூடப் போதும். நீண்ட இரவு உடைந்துவிடும்.

ரப்பர் பட்டையை மாற்றி, கதவுக்கு வெளியே இரட்டைக் கறுப்புத் துணி தொங்கவிட்டேன். கட்டுப்பாட்டுப் பலகையின் சிவப்பு விளக்கையும் டேப் ஒட்டி மறைத்தேன், ஏனென்றால் சிவப்பு ஒளிதான் அந்த நிறமியை அதிகம் தூண்டும். ஐந்து வாரத்தில் கதவோரத் தொட்டிகளிலும் கதிர் எட்டிப் பார்த்தது. அன்று எனக்கு அப்படியொரு நிம்மதி!