புளியங்கொட்டையும் பொட்டும் போதும்

யுகேஜி படிக்கும் என் மகள் 100 வரை பாட்டு மாதிரி சொல்வாள். தரையில் 7 புளியங்கொட்டையைப் பரப்பி எண்ணச் சொன்னால் மட்டும் எட்டு வரும், சில நாள் ஆறு. வாய் ஓடுகிற வேகத்துக்கு விரல் வராது. எண்ணியதை ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் போடச் சொல்லுங்கள். முடித்ததும் “மொத்தம் எத்தனை?” என்று கேளுங்கள். மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை. திட்டாதீர்கள், நாளைக்கு 5 கொட்டை போதும். அது கைவந்த பிறகு அந்த ஐந்தில் 3 கொட்டையைக் காட்டி, மூடிய கைக்குள் மீதி எத்தனை என்று கேட்கலாம். (கைக்குழந்தை தவழும் வீடென்றால் கொட்டையை எடுத்து உயரத்தில் வைத்துவிடுங்கள்.)

பெங்களூரில் பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும்தான், தமிழ் நம் பாடு. நான் அ, ஆ வரிசையை விட்டுவிட்டு ப, ட, ம என்று மூன்று அட்டையில் தொடங்கினேன். ம தலையில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினால் ‘படம்’. தலையில் பொட்டு வைத்த இன்னொரு ட அட்டையை ப-வுக்கும் ட-வுக்கும் நடுவே சேர்த்தால் ‘பட்டம்’. பொட்டு ஒட்டுவதற்காகவே அவள் உட்காருவாள்.

அல்சூரில் மெட்ரோ ஏறினால் மெஜஸ்டிக் ஆறாவது நிறுத்தம். ஏறிய இடத்தையும் சேர்த்து ஏழு என்கிறாள். அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை.