‘ரன்’ என்ற சொல்லை மொழிபெயர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு தண்ணீர் பம்பின் பயனர் கையேடு திருத்தத்துக்காக என்னிடம் வந்தது. மொழிபெயர்த்தவர் இந்தத் தொழிலுக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. நல்ல தமிழ், சந்திப் பிழை இல்லை, தடையில்லாமல் வாசிக்க முடிந்தது. ஏழாம் பக்கத்தில் ‘டிரை ரன் புரொடெக்‌ஷன்’ என்ற தலைப்புக்கு ‘ஒத்திகைப் பாதுகாப்பு’ என்று எழுதியிருந்தார். அகராதியைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார். டிரை ரன் என்றால் ஒத்திகை என்று அகராதி சொல்லத்தான் செய்கிறது. ஆனால் நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். பல வருடங்களுக்கு முன்னால் இதே இரண்டு சொற்களில்தான் நானும் தவறினேன். அதற்கான விலையை வேறொருவர் கொடுத்தார். அந்தக் கதையைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

‘ரன்’னை அப்படியே ‘ஓடு’ ஆக்கிவிடும் ‘காய்ச்சல் ஓடுகிறது’, ‘மூக்கு ஓடுகிறது’ போன்ற தவறுகளை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. எழுதியவரே இன்னொரு முறை வாசித்தால் அவற்றைத் திருத்திவிடுவார். சரியான தமிழ் வாக்கியம் போலவே தோற்றம் காட்டி உள்ளே உட்கார்ந்திருக்கும் தவறுகள்தான் என்னைக் கவலைப்பட வைக்கின்றன.

‘ஓடு’ பாதி இடங்களில் பொருந்திவிடுகிறது, அதுதான் சிக்கல்

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்காக ‘ரன்’ என்ற சொல்லை ஆராய்ந்தவர் பீட்டர் கில்லிவர். ‘ரன்’ வினைச்சொல்லாக வரும் இடங்களை மட்டும் பிரித்து எழுத அவருக்கு ஏறக்குறைய ஒன்பது மாதம் ஆனது. 645 பொருள்கள் கிடைத்தன என்று 2011இல் செய்தி வந்தது. 1989இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் ‘செட்’ என்ற சொல்தான் மிக நீளமான பதிவாக இருந்தது. அதையும் இது முந்திவிட்டது.

இவ்வளவு பெரிய சொல் என்று தெரிந்தும் ஏன் ஏமாறுகிறோம்? நம்முடைய ‘ஓடு’வும் சின்னச் சொல் இல்லை என்பதால்தான். மோட்டார் ஓடுகிறது. படம் நூறு நாள் ஓடுகிறது. மனதில் ஒரு எண்ணம் ஓடுகிறது. சுவரில் விரிசல் ஓடுகிறது. இந்த நான்கிலும் ஆங்கிலத்தில் ‘ரன்’ வரும், தமிழில் ‘ஓடு’ வரும், ஒரு குறையும் இல்லை. நான்கு முறை சரியாக வந்ததும் கை பழகிவிடுகிறது. ஐந்தாவதாக ஒரு ஒப்பந்தம் மூன்று ஆண்டு ‘ரன்’ ஆகும் என்று வந்தால், ‘ஒப்பந்தம் மூன்று ஆண்டுகள் ஓடும்’ என்று எழுதிவிடுகிறோம். ஒப்பந்தம் ஓடாது, நடப்பில் இருக்கும்.

நம் இலக்கணத்தில் பலபொருள் ஒருசொல் என்று ஒரு வகை உண்டு. அதில் ஒரு பகுதியைத் தொல்காப்பியம் ‘வினைவேறு படூஉம்’ என்று பிரிக்கிறது. அதாவது, பக்கத்தில் வரும் வினைதான் பொருளைக் காட்டிக்கொடுக்கும். மா பூத்தது என்றால் மரம், மா ஓடியது என்றால் விலங்கு. ‘ரன்’னுக்கு இதைத் திருப்பிப் போட்டுக்கொண்டால் போதும். இங்கே வினை அப்படியே இருக்கிறது, பக்கத்தில் இருக்கும் பெயர்தான் பொருளைச் சொல்கிறது. ஆகவே ‘ரன்’னுக்குத் தமிழ் என்ன என்று தேடாதீர்கள். எது ‘ரன்’ ஆகிறது என்று முதலில் பாருங்கள்.

ஆங்கிலம் ஓடும் இடத்தில் தமிழ் நடக்கும், சில சமயம் நிற்கும்

ஒருவர் நிறுவனத்தை ‘ரன்’ செய்கிறார் என்றால் அவர் நிறுவனத்தை நடத்துகிறார். ‘ஓட்டுகிறார்’ என்று எழுதினால் தமிழில் வேறு அர்த்தம் வந்துவிடும். “எப்படிப் போகுது?” என்று கேட்டால் “ஏதோ ஓட்டிக்கிட்டிருக்கேன்” என்று சொல்வோமே, அந்த இழுபறி முழுவதும் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டு வரும். ஒரு நிறுவனத்தின் ஆண்டு மலரில் அதன் தலைவரைப் பற்றி ‘இருபது ஆண்டுகளாக நிறுவனத்தை ஓட்டி வருகிறார்’ என்று அச்சாகியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். எழுதியவர் பாராட்டாகத்தான் எழுதியிருப்பார். படித்தவர்களுக்கு நிறுவனம் தள்ளாடுவதாகத்தான் தோன்றியிருக்கும்.

தேர்தலில் அமெரிக்க வேட்பாளர் ‘ரன்’ செய்கிறார். பிரிட்டனில் அதே வேலைக்கு நிற்பது என்றுதான் சொல்கிறார்கள். தமிழிலும் தேர்தலில் நிற்கிறார், அல்லது போட்டியிடுகிறார். ‘அதிபர் பதவிக்கு ஓடுகிறார்’ என்று எழுதினால் பதவிக்கு அலைகிறவர் என்று ஆகிவிடும். ஒரு அரசியல் செய்தியில் இது சின்னத் தவறு இல்லை. மூல ஆசிரியர் சொல்லாத ஒரு குற்றச்சாட்டை மொழிபெயர்ப்பாளர் சேர்த்துவிட்டார் என்று பொருள்.

தண்ணீர் இல்லாமல் ஓடிய பம்ப்

இப்போது அந்தக் கதைக்கு வருகிறேன். நான் தொழிலுக்கு வந்த இரண்டாவது வருடம், வீட்டு உபயோகத்துக்கான ஒரு சிறிய பம்பின் கையேடு கிடைத்தது. எச்சரிக்கைப் பக்கத்தில் ஒரு வரி: பம்பை ‘டிரை’யாக ‘ரன்’ செய்யாதீர்கள். நான் எழுதியது: ‘பம்பை உலர்ந்த நிலையில் இயக்க வேண்டாம்.’

எழுத்து எழுத்தாகப் பார்த்தால் இதில் எந்தத் தவறும் இல்லை. டிரை என்றால் உலர்ந்த, ரன் என்றால் இயக்கு. ‘ஓடு’ என்று போடாமல் ‘இயக்கு’ என்று போட்டதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. சரிபார்த்தவரும் அந்த வரியைக் கடந்துபோனார். கையேடு அச்சாகி, பெட்டிகளுக்குள் போய்விட்டது.

சில மாதம் கழித்து, வேலை கொடுத்த ஏஜென்சியிலிருந்து என்னை ஒரு சர்வீஸ் மெக்கானிக்கிடம் பேசச் சொன்னார்கள். பழுதான பம்பைப் பார்க்க அவர் ஒரு வீட்டுக்குப் போயிருக்கிறார். தொட்டியில் தண்ணீரே இல்லை. அந்த வீட்டுப் பெரியவர் ஒவ்வொரு முறையும் ஸ்விட்சைப் போடுவதற்கு முன்னால் பம்பின் மேல் ஒரு குவளை தண்ணீர் ஊற்றி நனைத்து வந்திருக்கிறார். ஏன் என்று கேட்டதற்குக் கையேட்டைக் காட்டியிருக்கிறார். உலர்ந்த நிலையில் இயக்கக் கூடாது என்று போட்டிருக்கிறது, அதனால் நனைத்துவிட்டு இயக்கினேன் என்று சொல்லியிருக்கிறார்.

அவர் தவறாக வாசிக்கவில்லை. நான் எழுதியதை எழுதியபடியே வாசித்திருக்கிறார். மின்சாரம் பாயும் மோட்டாரின் மேல் தண்ணீர் ஊற்றினால் என்ன நடந்திருக்கலாம் என்பதை இன்று நினைத்தாலும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பம்ப் போய்விட்டது.

அந்த மெக்கானிக் கோபப்படாமல் எனக்கு விளக்கினார். மோட்டாரிலிருந்து வரும் தண்டு பம்புக்குள் நுழையும் இடத்தில் தண்ணீர் கசியாமல் இருக்க மெக்கானிக்கல் சீல் என்று ஒன்று இருக்கிறது. வழவழப்பாக இழைத்த இரண்டு வளையங்கள். ஒன்று தண்டோடு சேர்ந்து சுற்றும், மற்றொன்று அசையாமல் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் மெல்லிய ஏடு போலத் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீர்தான் உராய்வைக் குறைக்கிறது, சூட்டையும் இழுத்துக்கொள்கிறது. உள்ளே தண்ணீர் இல்லாமல் ஓடினால் வளையங்கள் நேருக்கு நேர் உரசிச் சூடேறி வெடிப்பு விடும். அப்புறம் கசிவுதான். கடைசியில் அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “தண்ணி இல்லாம ஓட்டாதீங்கன்னு எழுதியிருந்தா போதுமே சார்.”

போதும்தான். ‘தண்ணீர் இல்லாமல் பம்பை ஓட விடாதீர்கள்.’ அகராதியில் எனக்குக் கிடைக்காத வாக்கியம் மெக்கானிக்கின் வாயில் தயாராக இருந்தது. இதில் கவனிக்க வேண்டியது, இங்கே ‘ஓடு’ சரியான சொல். நான் பயந்து ஒதுக்கிய சொல்தான் அந்தத் தொழிலில் எல்லோரும் பேசும் சொல். பிழை ‘டிரை’யில் இருந்தது. அந்த ‘டிரை’, ‘ரன்’னோடு சேர்ந்து நின்றபோது உள்ளே தண்ணீர் இல்லாத நிலையைக் குறித்தது. நான் இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து, தனித்தனியாக மொழிபெயர்த்து, மறுபடியும் ஒட்டவைத்தேன்.

இதே இரண்டு சொற்கள் இடம் மாறி நின்றால் பொருளும் மாறும். கிணறு ‘ரன் டிரை’ என்றால் வற்றிவிட்டது. நாடகத்துக்கோ விழாவுக்கோ ‘டிரை ரன்’ என்றால் ஒத்திகை. மென்பொருளில் ‘டிரை ரன்’ என்றால் எதையும் உண்மையில் மாற்றாமல், மாற்றினால் என்ன ஆகும் என்று காட்டும் சோதனை ஓட்டம். பம்பில் ‘டிரை ரன்’ என்றால் தண்ணீரில்லா ஓட்டம். இந்த நான்குக்கும் ‘உலர் ஓட்டம்’ என்று ஒரே கலைச்சொல்லை வைத்து எழுதிய கையேடுகள் இன்றும் என் மேசைக்கு வருகின்றன. அதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. அந்தச் சொல்லை வாசிக்கிறவருக்கு ஒன்றும் புரியாது. எழுதியவருக்கோ வேலை முடிந்துவிட்டது போல இருக்கும்.

முதலில் சொன்ன அந்தப் புதியவரை அழைத்துப் பேசினேன். பம்பை நேரில் பார்த்ததில்லை என்றார். அதனால் என்ன, யாரிடமாவது கேட்கலாமே என்றேன். அரை மணி நேரத்தில் தலைப்பை மாற்றி அனுப்பினார்: ‘தண்ணீர் இல்லாவிட்டால் தானாக நிற்கும் பாதுகாப்பு’. பக்கத்தை வடிவமைப்பவர் இடம் போதவில்லை என்றார். எழுத்தைச் சிறிதாக்கச் சொன்னேன், சொல்லைக் குறைக்கவில்லை.

ஓடும் நீர்

கை கழுவுவது பற்றியும் தீக்காயத்துக்கான முதலுதவி பற்றியும் எழுதும்போது ‘ரன்னிங் வாட்டர்’ தவறாமல் வரும். ‘ஓடும் நீர்’ என்று எழுதினால் ஆறும் ஓடையும்தான் கண்ணுக்கு வரும். தீக்காயத்தின் மேல் 20 நிமிடம் குளிர்ந்த தண்ணீர் விழுந்துகொண்டே இருக்க வேண்டும், பட்ட சூட்டை அது இழுத்துக்கொண்டு போக வேண்டும் என்பதுதான் அறிவுரை. ‘குழாயைத் திறந்துவிட்டு, விழும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள்’ என்று எழுதுங்கள். நீளமாக இருக்கும். பதற்றத்தில் இருக்கிறவருக்கு அதுதான் உதவும்.

ஓடு, ஓட்டு

கணினித் திரையில் ‘ரன்’ என்று ஒரு பொத்தான் இருந்தால், அது பயனர் கணினிக்கு இடும் கட்டளை. ஆங்கிலத்தில் ‘ரன்’ என்பது தன்வினைக்கும் பிறவினைக்கும் ஒரே வடிவம். நமக்கு ஓடு வேறு, ஓட்டு வேறு. அதனால் ‘ஓடு’ என்று போட்டால் பயனரையே ஓடச் சொன்னது போல ஆகும். ‘இயக்கு’ என்று போட்டால் குழப்பமில்லை. இன்னொரு வடிவமும் ஏமாற்றும். சோதனை அறிக்கையில் ‘டெஸ்ட்ஸ் ரன்: 12’ என்று இருந்தால் அது கட்டளை இல்லை, நடந்து முடிந்ததன் கணக்கு. ‘நடத்திய சோதனைகள்: 12’.

நாள் கணக்கு

மூன்று நாள் ‘ரன்னிங்’ என்றால் தொடர்ந்து மூன்று நாள். கப்பல் சரக்கு ஒப்பந்தத்தில் ‘ரன்னிங் டேஸ்’ என்றால் விடுமுறை நாட்களையும் சேர்த்து எண்ண வேண்டும். ‘ஓடும் நாட்கள்’ என்றோ ‘வேலை நாட்கள்’ என்றோ எழுதினால் தாமதக் கட்டணமே மாறிவிடும்.

வங்கி ஓட்டம்

‘பேங்க் ரன்’னுக்கு இப்படி எழுத வேண்டாம். 2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 42 பில்லியன் டாலரை எடுக்க வாடிக்கையாளர்கள் முயன்றார்கள். ‘பணத்தை எடுக்க முண்டியடித்தார்கள்’ என்று எழுதுங்கள்.

கிரிக்கெட்

ரன் ரன்தான், விட்டுவிடுங்கள்.

பக்கத்தில் ஒட்டும் சிறு சொற்கள்

அவுட், ஓவர், இன்டு, டவுன் என்று எது ஒட்டினாலும் அது புதுச் சொல். மொத்தமாக எடுத்துப் பொருள் பாருங்கள். பெட்ரோல் ‘ரன் அவுட்’ என்றால் தீர்ந்துவிட்டது. கூட்டம் ‘ரன் ஓவர்’ என்றால் குறித்த நேரத்தைத் தாண்டிவிட்டது. ஒருவரை வண்டி ‘ரன் ஓவர்’ என்றால் அவர் மேல் ஏறிவிட்டது.

சூழல் இல்லாத ஒற்றை வரி

செயலிகளுக்கு மொழிபெயர்க்கும்போது படமோ பக்கமோ இல்லாமல் வெறும் சொற்களின் பட்டியல்தான் வரும். போன மாதம் அப்படி ‘லாஸ்ட் ரன்’ என்று ஒரு வரி வந்தது. உடற்பயிற்சிச் செயலி என்றால் ‘கடைசியாக ஓடியது’. பேருந்துச் செயலி என்றால் ‘கடைசி வண்டி’. மென்பொருள் என்றால் ‘முன்பு இயக்கியது’. என் குழுவில் ஒருவர் பொதுவாக இருக்கட்டும் என்று ‘கடைசி இயக்கம்’ என்று போட்டுவைத்தார். நான் அதை எடுத்துவிட்டு, இது எந்தத் திரையில் வருகிறது என்று இரண்டு வரியில் கேட்டு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. அது சலவை இயந்திரத்துக்கான செயலி. ‘கடைசியாகத் துவைத்தது’ என்று எழுதி முடித்தோம்.