வெயில் உச்சத்தில் ஏசி திணறினால் முதலில் வெளியே போய்ப் பாருங்கள்

ஏசி குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை. அறைக்குள் இருக்கும் சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். கொட்டுகிற இடமே கொதித்துக் கிடந்தால் என்ன ஆகும்? வீட்டு ஏசியின் திறனைப் பொதுவாக வெளியே 35 டிகிரி இருக்கும் நிலையில்தான் அளந்து சொல்கிறார்கள். வெயில் 43, 44 என்று ஏறும்போது அதே ஏசி குறைவாகக் குளிர்விக்கும், மின்சாரத்தை அதிகமாக இழுக்கும். இதைப் பழுது என்று சொல்ல முடியாது. அந்த நேரத்தில் நாம் செய்து வைக்கும் சில காரியங்கள்தான் அதைப் பழுதில் கொண்டுபோய் விடுகின்றன.

பெரிய தவறு, அவுட்டோர் யூனிட்டை அடைத்து வைப்பது. திருட்டுக்குப் பயந்து நெருக்கமான கம்பிக் கூண்டு, பார்வைக்கு அசிங்கமாக இருக்கிறதென்று தகரத் தடுப்பு, பால்கனி மூலையில் துணி காயப்போடும் ஸ்டாண்டு என எதுவாக இருந்தாலும் விளைவு ஒன்றுதான். முன்பக்கம் ஊதிய சூடான காற்று எங்கும் போக வழியில்லாமல் சுற்றிவந்து பின்பக்கமாகவே உள்ளே நுழையும். வெளியே 42 டிகிரி என்றால் யூனிட் இழுக்கும் காற்று 50-ஐக்கூடத் தொடலாம். ஏசியின் குழாய்க்குள் சுற்றிச் சூட்டைச் சுமக்கும் கேஸின் அழுத்தம் ஏறும், அந்தக் கேஸை அழுத்தும் கம்ப்ரசர் சூடாகி ஓவர்லோடில் ட்ரிப் ஆகும், அதாவது தானாகவே நின்றுவிடும். உள்ளே ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அரை மணி கழித்துத் தானாகவே குளிர் வரும், மறுபடி நிற்கும். மதியத்தில் மட்டும் இப்படி நடந்து, இரவில் ஒழுங்காக ஓடினால் சந்தேகம் இங்கேதான்.

சோதிக்க ஒரு சாதாரண தெர்மாமீட்டர் போதும். ஏசி ஓடும்போது அவுட்டோர் யூனிட்டின் பின்பக்கம் காற்று நுழையும் இடத்தில் நிழலாக வைத்துப் பாருங்கள். சற்றுத் தள்ளித் திறந்த வெளி நிழலில் இருப்பதைவிட நான்கைந்து டிகிரி கூடுதலாகக் காட்டினால் சூடான காற்று திரும்பி வருகிறது. தேவையான இடைவெளி மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டில் இருக்கும். பின்சுவரிலிருந்து 15 செ.மீ., முன்னால் ஒரு மீட்டர் என்று விட்டால் பெரும்பாலும் பிரச்சினை வராது. நிழல் நல்லதுதான். ஆனால் அது தலைக்கு மேலே, பக்கங்களை மறைக்காமல் இருக்க வேண்டும். இரண்டு யூனிட்டுகளை எதிரெதிராக மாட்டி, ஒன்று ஊதும் சூட்டை இன்னொன்று குடிக்கும்படி விடுவதும் இதே கணக்கில் சேரும்.

வெயிலில் ஓடிக்கொண்டிருக்கும் யூனிட் மேல் தண்ணீர் தெளிப்பவர்கள் உண்டு. அந்த நேரத்துக்குப் பலன் தெரியும், மறுக்க முடியாது. ஆனால் உப்புத் தண்ணீர் காய்ந்தால் காயிலின், அதாவது சூட்டை வெளியேற்றும் குழாய்ச் சுருளின், மெல்லிய அலுமினியத் தகடுகளில் வெள்ளையாகப் பொருக்கு கட்டும். அதன் பிறகு சூடு வெளியேறுவது குறையும். மின் இணைப்புகளில் ஈரம் போனால் ஆபத்து வேறு. கழுவுவதென்றால் பிரேக்கரை அணைத்துவிட்டு, சாதாரண ஹோஸ் பைப்பில் மெதுவாகத் தண்ணீர் விட்டு, காய்ந்த பிறகு போடுங்கள். பிரஷர் வாஷர் தகடுகளை மடக்கிவிடும்.

அடுத்து கேஸ். ‘ஒவ்வொரு கோடைக்கும் கேஸ் நிரப்பணும்’ என்பதைப் போல வீண் செலவு வேறில்லை. கேஸ் எரிந்து தீரும் பொருள் அல்ல. அது மூடிய குழாய்க்குள் சுற்றுவது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் நிரப்பினால் அதே வழியாகப் போய்விடும். பெரும்பாலும் கசிவது செம்புக் குழாயை யூனிட்டோடு இணைக்கும் பித்தளை நட்டில்தான். அதைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கும், அதில் ஒட்டிய கறுப்புத் தூசியும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒழுங்காகச் செய்பவர் கசிவைச் சரிசெய்து, வேக்குவம் பம்ப் போட்டுக் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்து, யூனிட்டின் லேபிளில் எழுதியிருக்கும் கிராம் கணக்குப்படி எடை பார்த்து நிரப்புவார். கையால் குழாயைத் தொட்டுப் பார்த்து ‘போதும்’ என்பவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதை. அளவுக்கு மேல் ஏற்றினால் வெயிலில் அழுத்தம் இன்னும் கூடி, ட்ரிப் ஆவது அதிகமாகும். இப்போது பல ஏசிகளில் இருக்கும் ஆர்-32 என்ற கேஸ் தீப்பிடிக்கக்கூடிய வகை என்பதால் அதில் கைவைத்துப் பார்ப்பது நம் வேலையில்லை.

மெக்கானிக்கை அழைக்கும் முன் ஃபில்டரைக் கழுவுங்கள். கடும் கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டுங்கள். பிறகு 20 நிமிடம் ஃபேனை வேகமாக வைத்து ஓடவிட்டு, இன்டோர் யூனிட் மேலே இழுக்கும் காற்றையும் கீழே ஊதும் காற்றையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 8 முதல் 12 டிகிரி வரை இருந்தால் ஏசி தன் வேலையைச் செய்கிறது, குறை அறையில். மேற்கு ஜன்னல் வெயில், கதவிடுக்கு, அறைக்குப் போதாத டன் என்று தேடுங்கள். புழுக்கமான நாளில் இந்த வித்தியாசம் சற்றுக் குறையலாம்.

இன்டோர் யூனிட்டின் காயிலில் பனிக்கட்டி படிந்திருந்தால் காரணம் பெரும்பாலும் ஃபில்டர் அடைப்பு, இல்லையேல் கேஸ் குறைவு. கூலிங்கை நிறுத்தி ஃபேனை மட்டும் ஓடவிடுங்கள், தானாக உருகும். கத்தியால் சுரண்டினால் காயில் ஓட்டையாகிவிடும்.

16 டிகிரி வைத்தால் அறை சீக்கிரம் குளிராது. 25 வைத்தாலும் சூடான அறையில் தொடக்கத்தில் முழு மூச்சில்தான் ஓடும். 16 என்பது எப்போது நிறுத்தலாம் என்பதைத் தள்ளிப்போடுகிறது. கடும் வெயிலில் அந்த 16 வரவே வராது, கம்ப்ரசருக்கு ஓய்வும் கிடைக்காது. 26 வைத்து சீலிங் ஃபேனையும் போட்டால் உடம்புக்குப் போதும்.

கரண்ட் போய் வந்ததும் உடனே ஏசியைப் போடாதீர்கள். குழாய்க்குள் இருபக்க அழுத்தமும் சமமாக மூன்று நிமிடமாவது வேண்டும். நிறைய ஏசிகளில் இந்தத் தாமதம் உள்ளேயே இருக்கிறது, பழையவற்றில் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏசியை எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகவே கூடாது. ஒரு மணி நேரம் ஓடிய பிறகு சுவிட்சை அணைத்துவிட்டு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள்: லேசான வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடோ பழுப்பேறிய பிளாஸ்டிக்கோ தெரிந்தால் சாக்கெட்டை மாற்றும் வரை ஏசியைப் போடாதீர்கள்.