மூன்று வார லீவில் எத்தனை அறுவை சிகிச்சை?

வெளிநாட்டிலிருந்து தாயகம் போகும் மூன்று வாரத்துக்குள் வயிறு, மார்பு, தொடை என்று எல்லா அழகு அறுவை சிகிச்சைகளையும் ஒரே மயக்கத்தில் முடித்துவிடலாம் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். செலவும் ஓய்வும் குறையும் என்பது சரிதான். ஆனால் முதலில் கேட்க வேண்டியது, மேசையில் எத்தனை மணி நேரம் என்பதை. நேரம் ஏற ஏற உடல் குளிர்கிறது, தொற்றுக்கு வழி திறக்கிறது, அசையாத காலில் இரத்தம் உறைகிறது. அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிரே போகலாம். ஆறு மணி நேரத்தைத் தாண்டும் திட்டமென்றால் இரண்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள். இடையில் சில மாதங்கள் விடுங்கள்.

எதை எதோடு சேர்க்கிறோம் என்பதும் முக்கியம். வயிற்றுத் தோலை இறுக்குவதோடு மார்பையும் சரிசெய்வதை, புகைபிடிக்காத, பருமன் இல்லாத, நல்ல உடல்நிலையில் உள்ளவர் பெரும்பாலும் தாங்குவார். அதே வயிற்றில் கொழுப்பையும் தாராளமாக உறிஞ்சினால், கீழே இழுத்துத் தைத்த தோலுக்கு இரத்தம் போதாமல் தொப்புளுக்குக் கீழே தையலோரம் கறுத்து அழுகலாம். உறிஞ்சுவது மொத்தம் 5 லிட்டரைத் தொட்டால் அன்றிரவு மருத்துவமனையில்தான் இருக்க வேண்டும்.

வயிற்றோடு பிட்டத்துக்குக் கொழுப்பேற்றுவதைச் சேர்க்கவே வேண்டாம். வயிற்றுத் தையலுக்கு மல்லாந்து, முழங்காலை மடித்துப் படுக்க வேண்டும்; பிட்டத்துக்கோ மல்லாந்து படுக்கவே கூடாது. பாவம், அந்த உடம்பு எப்படித்தான் தூங்கும்? போதாததற்கு, கொழுப்பு தசைக்குள் இறங்கினால் பெரிய நாளங்கள் வழியே நுரையீரலுக்குப் போய் அங்கேயே உயிரைப் பறிக்கலாம்.

புகையை முன்னும் பின்னும் நான்கு வாரம் நிறுத்துங்கள். கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள் டிக்கெட் போடுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த மாத்திரைகள் பலவற்றில் உள்ள ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் இரத்த உறைவைக் கூட்டும். நீண்ட பயணம் முடித்து இறங்கிய மறுநாளே மேசையில் ஏற வேண்டாம்.

மார்பு, வயிறு அறுவைக்குப் பிறகு குறைந்தது பத்து நாள் விமானம் கூடாது. பலவற்றைச் சேர்த்துச் செய்தால் இன்னும் தள்ளும். காயத்தில் தேங்கும் நீரை வெளியேற்ற வைக்கும் வடிகுழாயில் ஒரு நாளுக்கு வடிவது 30 மில்லிக்குக் கீழே இறங்கினால்தான் பெரும்பாலும் குழாயை எடுப்பார்கள். அது எந்த நாள் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டே எடுங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ விமான நிலையத்துக்குப் போகாமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

சில தொற்றுகள் ஊர் திரும்பிப் பல வாரம் கழித்துத்தான் தலைகாட்டும். காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமிகள் சில, தையலோரம் ஆறாத கட்டியாக வரும். வழக்கமான ஆன்டிபயாடிக்கில் அடங்காது. உங்கள் மருத்துவரிடம் எங்கே, எப்போது, என்ன செய்தீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். அதற்காகவே அறுவைக் குறிப்பையும், மார்பில் வைத்த சிலிகோன் பையின் தொகுதி எண் ஸ்டிக்கரையும் மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.