ஆட்சென்ஸ் கிடைத்ததும் கிளிக் பரிமாற்றக் குழுக்களில் மட்டும் சேராதீர்கள்

நம் இணையதளத்தில் விளம்பரம் காட்டிச் சம்பாதிக்க கூகுள் தரும் வசதிதான் ஆட்சென்ஸ். 2018-ல் தமிழ்ப் பக்கங்களுக்கு அது வந்தபோது எங்கள் வட்டத்தில் நடந்த அதே தவறுகளை இப்போது புதிதாக வருபவர்களும் செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். தன் தளத்து விளம்பரத்தைத் தானே கிளிக் செய்யக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடலாம்.

"விளம்பரத்தைத் தொட்டு ஆதரவு தாருங்கள்"

இப்படி எழுதவே கூடாது. சின்ன எழுத்திலும் கூடாது.

கிளிக் பரிமாற்றக் குழு

வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் இவை நிறைய. நீ என் தளத்து விளம்பரத்தைக் கிளிக் பண்ணு, நான் உன்னுடையதைப் பண்ணுகிறேன் என்பதுதான் ஒப்பந்தம். "நாம என்ன பாட்டா (தானாகக் கிளிக் செய்யும் புரோகிராமா)? உண்மையான ஆளுங்கதானே" என்பார்கள். ஆள் உண்மைதான், ஆர்வம் பொய். அதே சில பேர் தினமும் வந்து, கிளிக் செய்த சில நொடியில் வெளியேறினால் அது கணக்கில் அப்படியே தெரியும்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் சமையல் தளம் நடத்தினார், எல்லாம் அவரே சமைத்து, படம் எடுத்து எழுதியவை. நூறு பேர் பார்த்தால் ஒன்றிரண்டு கிளிக் விழும் தளம் அது. குழுவில் சேர்ந்த வாரமே அது பதினெட்டாக ஏறியது. 100 டாலர் தாண்டிவிட்டது, 21-ஆம் தேதிக்கு மேல் பணம் வந்துவிடும் என்று சந்தோஷமாக ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். பணத்துக்கு முன்னால் வந்தது கணக்கு முடக்கப்பட்ட மின்னஞ்சல். நேர்மையாகச் சேர்ந்திருந்த தொகையும் அதோடு போயிற்று, புதுக் கணக்கும் தொடங்க முடியாது. குழு நடத்தியவரிடம் கேட்டால் "விபிஎன் போட்டிருக்கணும்" என்றாராம், அதாவது எங்கிருந்து வருகிறோம் என்பதை மறைக்கும் செயலி. அந்தக் குழுக்காரர் தன் மச்சான் பெயரில் வேறு கணக்கு வைத்திருக்கிறார், அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இன்னமும் எனக்கு ஆத்திரம் வருவது அந்தப் பதிலை நினைத்துத்தான்.

சரி, மாட்டாமலே போனாலும் அது யார் பணம்? ஒரு ஏசி மெக்கானிக் நாளைக்கு 500 ரூபாய் ஒதுக்கி விளம்பரம் போடுகிறார், கிளிக்குக்கு 25 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது பேர் தொட்டாலே அன்றைக்கு ஒதுக்கிய பணம் தீர்ந்துவிடும், விளம்பரம் நின்றுபோனால் நிஜமாகவே ஏசி பழுதான ஆளின் கண்ணில் அவர் படவே மாட்டார். போலி கிளிக்குகளை வடிகட்டி கூகுள் பணத்தைத் திருப்பித் தருகிறதுதான், ஆனால் எல்லாமே அந்த வடிகட்டியில் சிக்குவதில்லை. இதைப் பரஸ்பர உதவி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இது திருட்டு.

"இதுக்கெல்லாம் கேஸ் போட மாட்டாங்க"

போட்டிருக்கிறார்கள். தன் தளத்து விளம்பரங்களைத் தானே கிளிக் செய்து காசு பார்த்த ஆக்‌ஷன்ஸ் எக்ஸ்பர்ட் என்ற டெக்சாஸ் நிறுவனத்தின் மேல் 2004-ல் கூகுள் வழக்குத் தொடுத்து, அடுத்த ஆண்டே 75,000 டாலருக்குத் தீர்ப்பு வாங்கியது. மெத்பாட் என்ற போலிப் பார்வையாளர் வலையை நடத்திய அலெக்சாண்டர் ஷுகோவுக்கு 2021-ல் நியூயார்க் நீதிமன்றம் 10 ஆண்டு சிறை விதித்தது. நம் நாட்டில் கிளிக் மோசடிக்கென்று தனிச் சட்டம் இல்லை. அதற்காகத் தப்பு இல்லை என்று ஆகிவிடாது. இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவு ஏமாற்றுதலைத்தான் சொல்கிறது, கிளிக் செய்து ஏமாற்றினாலும் ஏமாற்றுதல்தானே.

காசு கொடுத்து டிராஃபிக் (பார்வையாளர் வருகை) வாங்குவது

வருபவை பெரும்பாலும் இயந்திரங்கள். வேண்டாம்.

போட்டியாளரைப் பதிலுக்குக் கிளிக் செய்வது

உங்கள் விளம்பரத்தைப் போட்டியாளர் வேண்டுமென்றே கிளிக் செய்தார் என்பதற்கு ஆதாரம் இருந்தால் யார் எப்போது வந்தார்கள் என்று காட்டும் சர்வர் பதிவுகளோடு கூகுளிடம் புகார் கொடுங்கள். பதிலுக்குக் கிளிக் செய்தால் நீங்களும் அதே மோசடியைத்தான் செய்கிறீர்கள்.

யாரோ உங்கள் தளத்தில் கிளிக்கைக் கொட்டினால் பேசாமல் இருப்பது

வருமானம் திடீரென்று ஏறினால் சந்தோஷப்பட்டுக்கொண்டு உட்காராதீர்கள். அன்றைக்கே விளம்பரத்தை நிறுத்திவிட்டு, எந்தப் பக்கத்துக்கு எங்கிருந்து வந்தார்கள் என்று பார்த்து, செல்லாத கிளிக்குகளைத் தெரிவிப்பதற்கென்று கூகுள் வைத்திருக்கும் படிவத்தில் நீங்களே முதலில் எழுதிப் போடுங்கள்.